கேப்டன் லைசன்ஸ்: வருஷத்தைத் தின்னும் தவறுகள்

கப்பலோ படகோ ஓட்டும் சான்றுக்கு மனுப் போடும்போது பெயரில் எழுத்துப் பிழை, போட்டோ அளவு மாற்றம் எல்லாம் கவுண்டரிலேயே சொல்லித் திருத்திவிடுவார்கள். கீழே உள்ள தவறுகள் அப்படித் தெரியவராதவை.

எந்தத் தண்ணீர் என்று பார்க்காமல் படிக்கக் கிளம்புவது

2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்படி தரும் மாஸ்டர் (கலத் தலைவர்) சான்றுகள் ஆறு, கால்வாய், காயலுக்கு. மீன்பிடி விசைப்படகுக்காரருக்கு ஸ்கிப்பர் (மீன்பிடிக் கலத் தலைவர்) வழி தனி. அதற்குச் சென்னை ராயபுரத்தில் சிஃப்நெட் என்ற மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கரையோரச் சரக்குக் கலமும் கடலுக்குப் போகும் டக்கும் (இழுவைக் கப்பல்) என்றால் என்.சி.வி. எனும் கரையோரப் பயணச் சான்று, ராஜாஜி சாலை எம்.எம்.டி.யில் (மத்திய அரசின் வணிகக் கப்பல் துறை அலுவலகம்) விசாரிக்க வேண்டும்.

ஆர்பருக்குள் ஓட்டியதை சீ டைம் (கடல் சேவை) என்று நம்புவது

இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். திருவொற்றியூர்ப் பையன் துறைமுக டக்கிலோ, கப்பலைக் கட்ட உதவும் மூரிங் லாஞ்சிலோ சேர்கிறான். சம்பளம் பரவாயில்லை, ஷிப்ட் முடிந்தால் வீடு. 500 ஜி.டி.க்குக் (கலத்தின் மொத்தக் கொள்ளளவைக் காட்டும் எண்) கீழான கரையோரக் கலத்தில் வாட்ச் அதிகாரியாக, அதாவது முறை வைத்துக் கலத்தைச் செலுத்தும் பொறுப்பு அதிகாரியாக, தனிப் பயிற்சி இல்லாதவருக்கு டெக்கில் 36 மாதக் கடல் சேவை வேண்டும் என்கிறது மாலுமிகளின் பயிற்சி, சான்று பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. சர்வதேச ஒப்பந்தம். பையன் மூன்று வருஷம் கழித்துப் பேப்பரை நீட்டினால் எடுபடாது. ஏனென்றால் அலை புகாத நீரிலும் துறைமுக விதி செல்லும் எல்லைக்குள்ளும் மட்டுமே ஓடும் கலத்தை அதே ஒப்பந்தம் கடல்செல் கலமாகக் கணக்கில் எடுப்பதில்லை. "டக்குதானே, எல்லாம் சீ டைம்தான்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருப்பார். அவருக்கு ஆள் வேண்டும், சொல்வார்.

சேரும் முன்பே மூன்றைக் கேளுங்கள்: கலத்தின் ஜி.டி. எவ்வளவு, சான்றில் ஓடும் எல்லை எது, சி.டி.சி.யில் (மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகம்) சைன்-ஆன், அதாவது கலத்தில் ஏறிய பதிவு, போடுவார்களா. மூன்றாவதற்கு மழுப்பினால் அந்த வேலையைச் சம்பளத்துக்காக மட்டும் பாருங்கள்.

கணக்கிலும் ஏமாறுவார்கள். சைன்-ஆனிலிருந்து சைன்-ஆஃப் (இறங்கிய பதிவு) வரைதான் சேவை. இரண்டு மாதம் கப்பல், ஒரு மாதம் வீடு என்றால் 36 மாதம் சேர ஏறக்குறைய நாலரை வருஷம்.

இறங்கும் நாளில் கடிதம் வாங்காமல் இறங்குவது

கடல் சேவைக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: கலத்தின் பெயர், பதிவு எண், ஜி.டி., பதவி, தேதிகள், கேப்டன் கையெழுத்து, கம்பெனி முத்திரை. கலம் கைமாறிய பிறகு இதற்கு அலைவது வீண்.

கண்ணைக் கடைசியில் காட்டுவது

நிறக்குருடு இருந்தால் டெக் வேலைக்குத் தேறாது. கோர்ஸ் பணம் கட்டும் முன்பே நிறப் பார்வையைப் பார்க்கும் இஷிஹாரா சோதனையை முடியுங்கள்.

அசல் சி.டி.சி.யை ஏஜெண்டிடம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

சான்றை வாங்கிப் பீரோவில் பூட்டுவது

ஐந்து வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்தில் 12 மாதமாவது, இல்லாவிட்டால் கடைசி ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது கடலில் இருந்திருந்தால் வேலை சுலபம்.