வேலை தருபவர் உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டால்

அமெரிக்காவில் வேலை கிட்டத்தட்ட உறுதியான நிலையில், சில நிறுவனங்கள் உங்கள் கடன் அறிக்கையை, அதாவது உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவை, பார்க்க அனுமதி கேட்கும். வங்கியிலும் பணம் கையாளும் பதவிகளிலும் இது அதிகம். பயப்பட வேண்டாம், ஆனால் படிக்காமல் கையெழுத்தும் போடாதீர்கள். 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் கட்டாயம். அதைக் கேட்கும் அறிவிப்பு தனித் தாளாக வர வேண்டும். நிறுவனத்துக்குப் போகும் அறிக்கையில் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண், இருக்காது. கணக்குகளும் பாக்கிகளும்தான் இருக்கும். அவர்கள் பார்ப்பதால் உங்கள் ஸ்கோரும் குறையாது.

இந்தியாவில் கடனுக்கான சிபில் மதிப்பெண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் அது அமெரிக்காவுக்கு உங்களோடு வராது. கணவரின் விசாவில் வந்து, பிறகு வேலை அனுமதி பெறும் பெண்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. வாடகை ஒப்பந்தம், கார் கடன், கார்டு எல்லாம் கணவர் பெயரில் இருக்க, ஆண்டுகள் கழிந்தும் மனைவி பெயரில் ஒரு கணக்குகூட இருப்பதில்லை. அதனால் அவர் பெயரில் காட்டக் கடன் வரலாறே இருக்காது. சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) கிடைத்ததும், முன்பணம் கட்டிப் பெறும் கிரெடிட் கார்டு ஒன்றை உங்கள் பெயரிலேயே எடுங்கள். மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள்.

நம் பெயர்களால் வரும் சிக்கல் வேறு. ஓரிடத்தில் முன்னெழுத்து, இன்னோரிடத்தில் தந்தை பெயர், மற்றோரிடத்தில் இரண்டும் இடம் மாறி. இதனால் உங்கள் கணக்குகள் சிதறலாம். அதே பெயருள்ள வேறொருவரின் பாக்கியும் உங்கள் கோப்பில் ஏறிவிடலாம். எல்லா இடத்திலும் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே கடன் அறிக்கைகளைத் தொகுக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட்.காம் (AnnualCreditReport.com) தளத்தில் இலவசமாக எடுத்துப் பாருங்கள்.

அறிக்கையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதற்கு முன், அதன் நகலையும் உங்கள் உரிமைகளின் சுருக்கத்தையும் நிறுவனம் தந்தாக வேண்டும். பிழை இருந்தால் அன்றே மனிதவளத் துறைக்கு எழுதுங்கள். அறிக்கை தந்த நிறுவனத்திடமும் மறுப்புத் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும்.

கலிஃபோர்னியா, இல்லினாய், வாஷிங்டன் மாநிலங்களிலும், 2015 முதல் நியூயார்க் நகரிலும் பெரும்பாலான வேலைகளுக்கு இந்தச் சோதனையே கூடாது. மருத்துவமனைக் கடனில் சிக்கியவர் வேலையில் நேர்மையற்றவர் என்று எந்த நியாயத்தில் சொல்வது? எல்லா மாநிலங்களும் இதைத் தடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் தடை உள்ள இடங்களிலும் சில பதவிகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் பதவி அதில் வருகிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.