தரைத்தளத்தில் ஆபீஸா? முதலில் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தரைத்தளத்தில் ஆபீஸ் போடுகிறவர்கள் பெயின்ட், சோபா எல்லாம் யோசிப்பதற்கு முன் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை வந்தது? சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

அந்த உயரத்துக்கு ஓர் அடியாவது மேலே பிளக் பாயின்ட், நெட் ஒயர் எல்லாம் இருக்கட்டும். யுபிஎஸ்ஸையும் பேட்டரியையும் மேசைக்கு அடியில் தள்ளாமல், சுவரோடு இறுக்கிய இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள். தரையைக் கொத்தி ஒயர் ஓட்டுவது பார்க்க அழகுதான், ஆனால் இங்கே வேண்டவே வேண்டாம், சீலிங்கிலிருந்து இறக்குங்கள். அப்புறம், மாடியும் உங்களுடையது என்றால் கீழ்த்தளத்துக்குத் தனி எம்சிபி (மின்சாரத்தை அணைக்கும் பிரேக்கர் சுவிட்ச்) கேளுங்கள். தண்ணீர் வருவதற்குள் அதை மட்டும் அணைத்துவிட்டு மேலே வேலையைத் தொடரலாம். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் வயரிங்கை முடிக்க விடாதீர்கள், செலவைப் பற்றி எலக்ட்ரீஷியன் என்ன சொன்னாலும் சரி.

ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலோரம் என்றால் ஏசி அவுட்டோர் யூனிட்டை உப்புக்காற்று சீக்கிரம் அரித்துவிடும். துருப்பிடிக்காத கோட்டிங் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.