விலை கூடிய பீங்கான் நெடுநாள் உழைக்குமா? வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டம், திற்பரப்பு, கன்னியாகுமரி போன்ற இடங்களில் வீட்டின் ஒரு பகுதியைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, காலை உணவும் கொடுக்கத் தொடங்குபவர்கள் பெருகி வருகிறார்கள். சிறிய உணவகங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் பீங்கான் சாமான்களைத் தேர்ந்து கொடுப்பது என் தொழில். புதிதாகத் தொடங்குபவர்களில் பலர், பெரும் பணத்தைச் செலவிட்டு முடித்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். விலை கூடிய தட்டு, மலிவான தட்டைவிட நெடுநாள் உழைக்கும் என்று நம்பித்தான் வாங்கினோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகள், அதே வரிசையில், இன்றும் நடப்பதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஈரக் கையோடு தூக்கக் கூடாது, கீழே போட்டால் உடையும் என்பவற்றை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விலையை வலிமையின் அளவாகக் கொள்வது

ஒரு தட்டின் ஆயுளை முடிவு செய்பவை அதன் மண், அதைச் சுட்ட வெப்பம், விளிம்பின் வடிவம் ஆகிய மூன்றும்தான். சாதாரண மண்பீங்கான் ஏறத்தாழ 1000 முதல் 1150 டிகிரி செல்சியஸில் சுடப்படுகிறது. ஸ்டோன்வேர் என்னும் கல்போல் இறுகிய வகை 1200 முதல் 1300 டிகிரியிலும், கடினப் போர்சலின் 1400 டிகிரி வரையிலும் சுடப்படுகின்றன. வெப்பம் உயர உயர, மண்ணோடு கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் உருகி நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. அதனால்தான் மண்பீங்கான் தன் எடையில் 5 சதவீதத்துக்கும் மேல் நீரை உறிஞ்சக்கூடியதாக இருக்க, நல்ல போர்சலின் அரை சதவீதம்கூட உறிஞ்சுவதில்லை. எலும்புச் சாம்பல் கலந்து செய்யப்படும் போன் சைனா, பார்வைக்கு மெல்லியதாக இருந்தாலும், தடித்த மண்பீங்கானைவிட வலிமையானது.

ஆகவே, விலை கூடியது போன் சைனாவாகவும் மலிவானது மண்பீங்கானாகவும் இருந்தால், விலை கூடியதே நெடுநாள் உழைக்கும். ஆனால் விலை கூடியது கைவண்ணம் தீட்டிய மண்பீங்கானாகவும், மலிவானது உணவகங்களுக்கென்று செய்யப்பட்ட வெறும் வெள்ளைப் போர்சலினாகவும் இருந்தால், மலிவானதுதான் முந்தும். கடையில் இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. எந்தப் பீங்கான் கடையிலும் உடைசல் இருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் வகையின் சில்லு ஒன்றைக் கேட்டு வாங்கி, உடைந்த முகத்தில் பேனா மையில் ஒரு சொட்டு விட்டு, சற்று நேரம் கழித்துத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். நன்றாகச் சுட்ட பீங்கானில் மை கழுவிக்கொண்டு போய்விடும். மண்பீங்கானில் அது உள்ளே இறங்கி நீலப் புள்ளியாக நின்றுவிடும். விலைச்சீட்டு சொல்லாததை அந்தப் புள்ளி சொல்லும்.

விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கத்திபோல் மெலிந்து முடியும் விளிம்பு, எவ்வளவு விலை கொடுத்தாலும், தொட்டியில் முதல் வாரத்திலேயே சில்லுப் பெயர்ந்துவிடும். உருட்டித் தடிப்பாக முடித்த விளிம்பைத்தான் உணவகத்துக்கு வாங்க வேண்டும்.

பொன்விளிம்பு வைத்த செட்டைப் பெட்டியோடு வாங்குவது

இந்த ஒரு தவறுதான் இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துகிறது, ஏனென்றால் இதில் போகும் பணம் மிகுதி, தவிர்ப்பதோ மிக எளிது.

திருவட்டாறு பக்கம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டு மாடியை விருந்தினருக்காக ஒழுங்குபடுத்தியபோது, பூவேலையும் பொன்விளிம்பும் கொண்ட பெரிய செட் ஒன்றை வாங்கியிருந்தார். அடுத்த ஆண்டு நான் போனபோது அதை மேசைமேல் பரப்பிக் காட்டினார். தட்டுகள் ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் ஒவ்வொரு தட்டிலும், தேய்ப்பவரின் விரல் அழுந்தும் பக்கத்தில், பொன்கோடு பிறைபோல் அழிந்திருந்தது. தேநீர்க் கோப்பைகளில் பாதி காது உடைந்து போயிருந்தன. சாசர்கள் மட்டும் முழுமையாக அடுக்கி இருந்தன. யாரோ ஒரு விருந்தினர் கோப்பையை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து, பொன்விளிம்பு பொறி கக்கியதில், ஒரு கோப்பையின் வாய் கறுத்திருந்தது. "அண்ணே, இம்புட்டு வெல குடுத்தும் இப்பிடி ஆயிப்போச்சே. கடையில கேட்டா இந்த டிசைன் இனி வராதுங்காவ" என்றார். அவர் வாங்கியது நல்ல பீங்கான்தான். மண்ணில் குறையில்லை, சூட்டில் குறையில்லை. கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் பூவேலைக்கும் பொன்கோட்டுக்கும் போனது. அவைதான் முதலில் அழிந்தன.

காரணம் சுடும் முறையில் இருக்கிறது. தட்டைச் சுட்டு, அதன்மேல் கண்ணாடிபோல் படியும் மெருகுப் பூச்சையும் உருக்கி முடித்த பிறகு, அதன்மேல் வண்ணத்தையும் பொன்னையும் ஒட்டி, ஏறத்தாழ 700 முதல் 850 டிகிரி வெப்பத்தில் மீண்டும் ஒருமுறை சுடுகிறார்கள். அந்த வெப்பம் மெருகுப் பூச்சை முழுமையாக இளக்கப் போதாது என்பதால், பொன், அந்தப் பூச்சுக்குள் புதையாமல் அதன் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. பாத்திரம் தேய்க்கும் நாரும், காரம் மிகுந்த சோப்பும், புளிக்குழம்பும் நேரே அதன்மேல்தான் படுகின்றன. வண்ணம் பூச்சுக்கு அடியில் இருக்கும் தட்டுகளும் உண்டு. அவற்றில் கையால் தடவினால் பூவேலையின் மேடு தட்டுப்படாது. பூவேலை வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அந்த வகையையாவது வாங்கலாம்.

இதைவிடப் பெரிய குறை, செட் என்ற அமைப்பிலேயே இருக்கிறது. கோப்பைகள் தட்டுகளைவிட மிக விரைவாக உடைகின்றன. காது என்று ஒன்று துருத்திக்கொண்டு இருப்பதே அதற்குக் காரணம். அப்படியிருந்தும் பெட்டியில் ஆறு தட்டுக்கு ஆறு கோப்பை என்றே வருகின்றன. எடுத்துக்காட்டாக, 24 உருப்படிகள் கொண்ட செட்டை 6,000 ரூபாய்க்கு வாங்கினால், உருப்படி ஒன்றுக்கு 250 ரூபாய் ஆகிறது. நான்கு கோப்பைகள் உடைந்ததும், விருந்தினர் முன் வைக்க முடியாது என்று மொத்த செட்டும் பரணுக்குப் போகிறது. அப்போது நட்டம் 1,000 ரூபாய் அல்ல, 6,000 ரூபாய். 150 ரூபாய்க்கு உதிரியாகக் கிடைக்கும் வெள்ளைக் கோப்பையாக இருந்தால், நான்குக்கும் சேர்த்து 600 ரூபாயோடு முடிந்திருக்கும், மற்றவை வேலையில் இருந்திருக்கும்.

விற்பவர்களுக்கு இது தெரியாதது அல்ல. டிசைன்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதை அறிந்தே, "நெடுநாள் உழைக்கும்" என்று சொல்லிப் பெட்டியைக் கட்டிக் கொடுக்கிறார்கள். கோட்டாறிலோ வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ எங்கே வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது உதிரியாகக் கிடைக்குமா, அடுத்த ஆண்டும் இதே அளவில் வருமா? இரண்டுக்கும் உறுதியான விடை கிடைப்பது பெரும்பாலும் வட்டமான, வேலைப்பாடில்லாத வெள்ளைக்கு மட்டும்தான். அதை வாங்கும்போதே, தட்டுகளைத் தேவைக்கு ஏற்ற அளவிலும், கோப்பைகளைத் தேவையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகவும் எடுத்து வையுங்கள்.

ஷோகேஸில் இருப்பதோடு ஒப்பிடுவது

"அம்மாவின் சீதனப் பீங்கான் நாற்பது ஆண்டாக அப்படியே இருக்கிறது, இந்த மலிவுத் தட்டுகள் ஓராண்டு தாங்கவில்லை" என்பவர்கள் பலர். அந்தச் சீதனப் பீங்கான் கண்ணாடி அலமாரியைவிட்டு வெளியே வருவது கிறிஸ்துமஸுக்கோ ஓணத்துக்கோ பெண் பார்க்க வருகிறவர்களுக்கோ மட்டும்தான். ஒரு நாளில் மூன்று வேளை தேய்க்கப்படும் தட்டோடு அதை ஒப்பிடக் கூடாது.

மணல் கலந்து தேய்ப்பது

நம் குமரி மாவட்டத்துக்கென்றே உரிய தவறு இது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், மோனசைட், கார்னெட், சிர்க்கான் ஆகிய கனிமங்கள் இருப்பதும், அவற்றைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு ஆலை அங்கே இயங்குவதும் அனைவரும் அறிந்தவை. அந்தச் சிர்க்கான்தான் பீங்கானின் மெருகுப் பூச்சுக்கு வெண்மை கொடுக்கச் சேர்க்கப்படும் பொருள். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பூச்சு ஏறத்தாழ 5 முதல் 6 வரை நிற்க, சாதாரண மணலின் குவார்ட்ஸ் 7, சிர்க்கான் ஏழரை. கடலோர வீடுகளில் முற்றத்தில் வைத்துக் கழுவும்போது, கதம்பை நாரில் ஒட்டிய சில மணல் துகள்களே பூச்சைக் கீறப் போதும். கீறல் விழுந்த பூச்சில் மஞ்சள் கறை ஏறி, அதை எடுக்க மேலும் அழுத்தித் தேய்க்கிறார்கள். விலை கூடிய தட்டும் மலிவான தட்டும் இதில் ஒன்றுபோலவே பாழாகின்றன. பீங்கானுக்குத் தனி நார் வைத்து, தேய்ப்பதற்கு முன் அதை ஓடும் நீரில் அலசுங்கள்.

சாம்பல் நிறக் கோடுகளைக் கீறல் என்று எண்ணி வீசுவது

அவை பெரும்பாலும் ஸ்டீல் கரண்டி விட்டுச் சென்ற உலோகத் தடங்கள். சமையல் சோடாவைக் குழைத்து மென்மையாகத் தேய்த்தால் போய்விடும்.

குளிர்பெட்டியிலிருந்து நேரே சூட்டுக்கு

பீங்கான் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். குளிர்ந்த கிண்ணத்தில் கொதிக்கும் தீயலை ஊற்றினால், உட்புறம் விரிய முயலும்போது வெளிப்புறம் விரியாமல் நிற்கும். அந்த இழுபறியில் விரிசல் விழும். சூடான கிண்ணத்தை ஈரமான கிரானைட் மேடையில் வைப்பது இன்னும் மோசமானது, ஏனென்றால் திடீரெனக் குளிரும் பரப்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. பீங்கான் மிக எளிதில் தோற்பது இழுவிசைக்குத்தான். பதப்படுத்திய ஓபல் என்னும் பால்வெள்ளைக் கண்ணாடித் தட்டுகள் இதை ஓரளவு தாங்கும். ஆனால் அவற்றின் விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்த பிறகு நம்பக் கூடாது, உடையும்போது நூறு துண்டாகச் சிதறும்.

மெலமைன்

பீங்கான்போல் தோன்றும் இந்த பிளாஸ்டிக் தட்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது.

வலைக்கோடு விழுந்த கோப்பையைத் தொடர்ந்து பயன்படுத்துவது

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் காற்றின் ஈரம் அதிகம். மண்பீங்கான் அந்த ஈரத்தை, பூச்சில்லாத அடிவளையத்தின் வழியாக மெல்ல உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அளவில் உப்புகிறது. மேலே இருக்கும் பூச்சு உடன் விரிய முடியாமல் மெல்லிய வலைபோல் வெடிக்கிறது. புதிதாக வாங்கியபோது இல்லாத கோடுகள் சில மாதங்கள் கழித்துத் தோன்றுவதற்கு இதுவே காரணம். கழுவுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பால் சேர்க்காத கட்டஞ்சாயாவும் மஞ்சளும் அந்தக் கோடுகளில் இறங்கினால் எந்தச் சோப்பாலும் முழுவதும் எடுக்க முடியாது. ஈரம் ஏறிய அத்தகைய கோப்பை மைக்ரோவேவ் அடுப்பில், உள்ளே இருக்கும் தேநீரைவிட அதிகமாகச் சுட்டு, பிடிக்கிற கையைப் பொசுக்கும். அதை விருந்தினர் மேசையிலிருந்து அன்றே எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நன்றாகச் சுட்ட ஒரு வெள்ளைக் கோப்பையை வையுங்கள்.