பையன் ஓடுறத 12 படமா புடிக்கிறது எப்படி

மைபிரிட்ஜ்னு ஒரு போட்டோகிராஃபரு, 1830ல இங்கிலாந்துல பொறந்தவரு, ஓடுற குதிரைக்கு நாலு காலும் ஒரே நேரத்துல தரைய விட்டு மேல போகுதான்னு பாக்க 1878 ஜூன்ல கலிஃபோர்னியாவுல 12 கேமராவ வரிசையா நிறுத்தி, குறுக்க நூல் கட்டி, குதிரை நூல அறுக்க அறுக்க ஒவ்வொரு படமா விழ வெச்சாரு. போகத்தான் செய்யுது, ஆனா பெயின்ட்டிங்ல வர்ற மாதிரி கால நீட்டுறப்ப இல்ல, வயித்துக்கு கீழ மடக்குறப்ப. (இதே ஆளு 1874ல பொண்டாட்டியோட கள்ளக்காதலன சுட்டு, கோர்ட்ல விடுதலையும் ஆனாரு, அது தனிக்கதை.)

நமக்கு 12 கேமராலாம் வேணாங்க, ஸ்லோமோஷன்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம், அதாவது 240 தனித்தனி படம், எடுக்கிற ஒரு போன் போதும். குதிரைக்கு பதிலா அக்கா பையன்.

நான் மொதல்ல ஏற்காடு ஏரிக்கரையில சாயங்காலம் எடுத்து ஏமாந்தேன், மூடுபனியில வெளிச்சமே இல்ல, கால் ரெண்டும் தேச்சு விட்ட மாதிரி வந்துச்சு. மைபிரிட்ஜ் குதிரைக்கு பின்னாடி வெள்ளையா கட்டி தரையையும் வெள்ளையாக்குனது சும்மா இல்ல, படம் விழுற அந்தக் காலத்து கண்ணாடி பிளேட்டுக்கு அவ்ளோ வெளிச்சம் வேணும். அதனால கீழ சேலத்துக்கே வந்துருங்க, காலைல பத்து மணி மொட்டமாடி வெயிலுக்கு ஈடே கிடையாது. வீட்டுக்குள்ள டியூப்லைட்ல எடுக்காதீங்க, படம் மினுக்கும்.

எட்டு முழ வெள்ளை வேட்டிய கொடியில விரிச்சு கட்டி நாலு கிளிப் போடுங்க, காத்துல ஆடக்கூடாது. வேட்டிக்கு முன்னாடி தரையில அடிக்கொரு கோடு கோலமாவுல. போன் பதினஞ்சு அடி தள்ளி, முட்டி உயரத்துல, நேரா பக்கவாட்டுல, வெயில் உங்க முதுகுல. ஃபோகஸ் லாக் பண்ணிடுங்க. பையன வேட்டிக்கு ரொம்ப முன்னாடியே ஓட ஆரம்பிக்க சொல்லுங்க, இல்லனா பாதி வேகத்துலதான் ஃப்ரேமுக்குள்ள வருவான்.

அப்புறம் கம்ப்யூட்டர்ல விஎல்சி வீடியோ பிளேயர்ல போட்டு கீபோர்டுல இ (E) கீய தட்டுனா ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். பத்து ஃப்ரேமுக்கு ஒண்ணா 12 எடுத்தா அரை செகண்ட் ஓட்டம் வந்துரும், மூணு வரிசையா அடுக்கி பிரின்ட் போட்டுக்கலாம். கால பாக்காதீங்க, நிழல பாருங்க. எங்களுக்கு ஏழாவது படத்துல செருப்புக்கும் அதோட நிழலுக்கும் நடுவுல வெள்ளையா ஒரு விரக்கட இடைவெளி, பையன் அந்தரத்துல நிக்கிறான். அத பாத்துட்டு இப்ப பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிய எடுக்கணுமாம், அது நேரா ஓடணுமே.