கோயில் மண்டபத்தில் சோலார், பிளாஸ்டிக் பேச்சு நடத்துவது எப்படி?

மொரீஷியஸில் இந்தத் தலைப்புகளில் பேசுகிறவர்கள் பலர் புவி வெப்பமடைதலில் தொடங்கி, அரை மணி நேரத்தை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். அதை ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். மேசைமேல் வைத்துக் காட்டுவதற்குத்தான் நேரம் வேண்டும்.

கோயில் மண்டபம் என்றாலே மாலை 6 மணி என்று குறித்துவிடுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சோலார் பேனலில் வைத்த மீட்டர் ஏதோ சில வோல்ட் காட்டும், ஆனால் கரண்ட் மில்லியாம்பியர் கணக்கில்தான் வரும். ஞாயிறு காலை 10 மணி சரியான நேரம். தைப்பூசக் காவடியை ஒட்டிய நாட்கள் வேண்டாம்: ஊரே விரதத்தில் இருக்கும், புயல் காலமும் அதுதான்.

தேவையானவை: 30 வாட் பேனல், 10 ஆம்பியர் சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி), 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதன் பாசிட்டிவ் வயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ், 12 வோல்ட் எல்.இ.டி பல்பு, வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டர். முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் பல்பு என்று கன்ட்ரோலரில் இணையுங்கள், கழற்றும்போது தலைகீழாக. பேட்டரியைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் தன் வோல்டேஜை முடிவு செய்கிறது. பேனலை முதலில் மாட்டினால் அதன் 22 வோல்ட் நேராக உள்ளே போய் சில கன்ட்ரோலர்களைக் கெடுத்துவிடும்.

சபை அசந்து பார்க்கும் இடம் நிழல் சோதனை. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில், ஒரு வயரைக் கழற்றி அந்த இடைவெளியில் தொடராக இணையுங்கள். நல்ல வெயிலில் ஒன்றரை ஆம்பியர் அளவில் காட்டும். இப்போது ஒரே ஒரு செல்லை அட்டையால் முழுதாக மூடுங்கள். 36 செல்லில் ஒன்றுதான் மறைந்தது; ஆனால் எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் கரண்ட் சரிந்து விழும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழல் என்ன செய்யும் என்பதைத் தனியாக விளக்கவே வேண்டாம். சோதனை முடிந்ததும் மீட்டர் வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்து பேட்டரியில் வைத்தால் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போய்விடும்.

தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பேனலைத் தெற்கே திருப்பச் சொல்வார்கள். அது அங்கே சரி. நாம் தெற்கு அட்சம் 20 பாகையில் இருக்கிறோம். இங்கே வடக்கு நோக்கி, சுமார் 20 பாகை சாய்வு. டிசம்பரை ஒட்டிச் சில வாரம் நண்பகல் சூரியன் நமக்குத் தெற்கே சாய்வது உண்மைதான், அதற்காகத் திசையை மாற்ற வேண்டியதில்லை.

கணக்குக்கு ஒரு சி.இ.பி. (மொரீஷியஸ் மின்சார வாரியம்) பில் போதும்; பெயரையும் எண்ணையும் மறைத்துக் காட்டுங்கள். 1 கிலோவாட் பேனல் நாளுக்குத் தோராயமாக 4 யூனிட், மாதம் 120 யூனிட் தரும். மாதம் 200 யூனிட் செலவாகும் வீட்டுக்கு 450 வாட் பேனல் நான்கு. கியூர்பிப் பக்கம் மேகம் அதிகம், அங்கே கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. சோப்பு இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதக்கும். தண்ணீர் பாட்டிலின் துண்டு (முக்கோணக் குறிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வகை எண் 1) மூழ்கும், அதன் மூடி மிதக்கும். ஷாம்பு பாட்டில் (எண் 2) மிதக்கும். பி.வி.சி. குழாய்த் துண்டும் (எண் 3) பாட்டிலோடு சேர்ந்து மூழ்குவதைக் காட்டுங்கள். தண்ணீரால் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது, கொஞ்சம் பி.வி.சி. கலந்தாலே உருக்கும்போது மொத்தமும் கெடும். வீட்டிலேயே பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பிரிக்காதது மார் ஷிக்கோஸ் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். மண்டபத்தில் எதையும் எரித்துக் காட்ட வேண்டாம், பி.வி.சி. புகை நெஞ்சை அடைக்கும். பேச்சு முடிந்ததும் பாட்டில் தண்ணீர் கொடுத்தால் பேசியதெல்லாம் வீண். எவர்சில்வர் டம்ளரும், சாப்பாடு இருந்தால் வாழையிலையும்.

கேள்விகள் பெரும்பாலும் இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியில் வரும், பதிலும் கிரியோலிலேயே இருக்கட்டும். கட்டாயம் வரும் கேள்வி: புயலில் கரண்ட் போனால் சோலாரில் விளக்கு எரியுமா? பேட்டரி இல்லாமல் கிரிட்டில் (சி.இ.பி. லைனில்) மட்டும் இணைத்த இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானே நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. இருட்டிலும் எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், செலவும் கூடும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.