டைட் கேஜ் சரியாகத்தான் காட்டுகிறதா? முழு ஓதச் சோதனை செய்யும் முறை

டைட் கேஜ் என்பது கடல்மட்டம் ஏறி இறங்குவதை (ஓதத்தை) இடைவிடாமல் அளந்து பதியும் கருவி. அதைப் பொருத்துவதற்கு விற்பவரே கையேடு தந்துவிடுவார். பொருத்திய பிறகு ஆண்டுக்கணக்கில் அதை ஒரே சீராகப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் கிடைக்காது. யார் வேலைக்குப் போனாலும் ஒரே மாதிரி செய்யவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு முழு ஓதச் சுற்று நெடுகிலும் கருவியின் அளவைக் கையால் எடுத்த அளவோடு ஒப்பிடுவதுதான் அது. அதற்கு வான் டி காஸ்டீல் சோதனை என்று பெயர்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. கருவியின் சுழியம் (அளவு தொடங்கும் பூஜ்ஜியப் புள்ளி) 1 சென்டிமீட்டர் நழுவினாலே இரண்டரை ஆண்டு ஏற்றம் அதற்குள் மறைந்துவிடும். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமான ஐ.ஓ.சி. நடத்தும் குளோஸ் என்ற உலகக் கடல்மட்ட வலையமைப்பு அளவில் 1 சென்டிமீட்டர், நேரத்தில் 1 நிமிடம் என்று துல்லியம் கேட்பது இதனால்தான்.

ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) பிடிக்கவும், அளவுகளைச் சேமிக்கும் லாகரிலிருந்து கோப்பு இறக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பெஞ்ச்மார்க், அதாவது கருவியின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் நிலையான உயரக் குறி. ஒன்றை மட்டும் நம்பவேண்டாம். குறைந்தது ஐந்து வைத்து ஆண்டுக்கு ஒருமுறை லெவலிங் (அவற்றின் உயர வித்தியாசத்தை அளப்பது) செய்யச் சொல்கிறது குளோஸ். ஜெட்டி (படகுத்துறை மேடை) மெல்ல அமிழ்ந்தால் அதிலுள்ள கருவியும் பெஞ்ச்மார்க்கும் சேர்ந்தே இறங்கும். ஆகவே ஐந்தில் சிலவாவது கரையில், உறுதியான தரையில் இருக்கவேண்டும்.

படி 2: நாள் பார்ப்பது. சென்னைப் பக்கம் ஏற்றவற்றம் (உச்ச மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்) பெரிய நாளில்கூட ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், அலை அடங்கிய சமயமாகப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். இருவர் மாறி மாறி உட்காருவது நல்லது.

படி 3: துடைக்காமல் முதலில் எழுதுங்கள். போனவுடன் கருவியில் ஒட்டிய கொட்டலசையும் (ஓடுள்ள சிறு கடலுயிர்) பாசியையும் சுரண்டத்தான் கை பரபரக்கும். வேண்டாம். வந்தபோது கருவி என்ன காட்டியது என்று குறித்துக்கொண்டு, சுத்தம் செய்து, மறுபடி குறியுங்கள். இந்த இரண்டு எண்களும் இல்லாவிட்டால் கடந்த சில மாதத் தரவில் எவ்வளவு பிழை ஏறியிருந்தது என்று யாராலும் பின்னால் சொல்லமுடியாது.

படி 4: கையளவு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை, நீரில் நிற்கும் அளவுக் கம்பத்தைப் படியுங்கள். தண்ணீர் தொட்டால் ஒலி எழுப்பும் டேப் இருந்தால் இன்னும் நல்லது. கம்பத்தைவிட அதையே நான் நம்புகிறேன். அலை உச்சியையும் பள்ளத்தையும் பலமுறை படித்துச் சராசரி எடுக்கவேண்டும். குறிப்பைத் தாளில் பென்சிலால் எழுதுங்கள். உப்புக்காற்றில் ஈரக்கையோடு கைபேசியில் தட்டச்சுவது சரிப்படாது.

படி 5: வரைபடம். ஒவ்வொரு நேரத்துக்கும் கருவி அளவிலிருந்து கையளவைக் கழியுங்கள். வித்தியாசம் கிடை அச்சில், நீர்மட்டம் செங்குத்து அச்சில். லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், இதற்கென்று பைத்தான் கற்கவேண்டியதில்லை. புள்ளிகளை நேர வரிசையில் கோட்டால் இணைக்க மறக்காதீர்கள்.

சுழியத்தின் மேல் செங்குத்துக் கோடு வந்தால் கருவி சரி. கோடு நேராகவே இருந்து பக்கவாட்டில் தள்ளி நின்றால் சுழியப் பிழை. சாய்ந்திருந்தால் அளவுகோல் பிழை. கம்பமே சாய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வளையமாக வந்தால் நேரப் பிழை.

வளையத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும், என்னை நீண்ட நாள் அலைக்கழித்தது அதுதான். ஒரு மீட்டர் ஏற்றவற்றம் உள்ள இடத்தில், நடு ஓதத்தில் நீர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நகரும். ஐந்து நிமிடம் பிசகினால் ஏறும்போது 2 சென்டிமீட்டர் ஒரு பக்கமும், இறங்கும்போது 2 சென்டிமீட்டர் மறுபக்கமும் விலகும். அதுதான் வளையம். ஆனால் நான் பார்த்த நிலையத்தில் லாகர் கடிகாரம் ஜி.பி.எஸ். நேரத்தோடு நொடி பிசகாமல் பொருந்தியது. கடிகாரம் சரி, வளையமும் இருக்கிறது, எப்படி?

காரணம் சராசரியில் இருந்தது. அந்த லாகர் 10 நிமிட அளவுகளைச் சராசரி எடுத்து, அந்த 10 நிமிடத்தின் முடிவு நேரத்தை அதற்கு முத்திரையாகக் குத்துகிறது. 10:10 என்று பதிவான எண் உண்மையில் 10:05க்கு உரியது. அந்த ஐந்து நிமிடம்தான் வளையத்தை வரைந்தது. வேறொரு நிறுவனத்தின் லாகர் தொடக்க நேரத்தைக் குத்தலாம், இன்னொன்று நடு நேரத்தை. ஆகவே பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இரண்டை எழுதிவையுங்கள்: சராசரியின் நீளம், முத்திரை எந்த முனையில். ஒரே கடற்கரையில் நாலு நிலையம் இருந்தால் நாலிலும் ஒரே ஏற்பாடு இருக்கவேண்டும். நேரம் எங்கும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரம்தான், இந்திய நேரத்தை இடையில் கலந்தால் ஐந்தரை மணி நேரக் குழப்பம் வரும்.

படி 6: அளவின் தரத்தைக் குறியிடுதல். தப்பான அளவை அழிக்கவே கூடாது. மூலத் தரவு அப்படியே கிடக்கட்டும், பக்கத்தில் குறி போடுங்கள். அமெரிக்கக் கடல் கண்காணிப்பு அமைப்பின் குவார்ட்டாட் முறை எளிது: 1 சரி, 2 சோதிக்கவில்லை, 3 சந்தேகம், 4 பிழை, 9 அளவு இல்லை. இதைவிட நல்ல முறை தோன்றினாலும் இதையே பின்பற்றுங்கள். பிறர் தரவோடு உங்கள் தரவு சேர வழி அதுதான்.

பிற்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் ஒருவர், ஐப்பசியில் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, ரேடார் (மேலிருந்து கற்றை அனுப்பி மட்டம் அளக்கும் வகை டைட் கேஜ்) கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தார். வங்கக் கடலின் இந்தக் கரையில் சராசரி மட்டம் ஐப்பசி, கார்த்திகையில் உயர்வதும் பங்குனி வாக்கில் தாழ்வதும் இயல்பு. கையளவும் கூடவே ஏறியிருந்தால் கருவியைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: ரேடாரின் கீழே படகு கட்டினால் மட்டம் திடீரென்று உயர்ந்ததாகக் காட்டும் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். அலையடிக்கும் பரப்பில் ஓயாது நடுங்கும் அளவு, படகின் மேல் விழும்போது வேறு மாதிரி நடுங்கும். அந்த நேரத்துக்குக் குறி 4 போடுங்கள். ஜெட்டிக்காரர்களிடம் பேசி, கற்றை விழும் இடத்தைச் சுற்றிப் படகு கட்டாதபடி பெயின்ட்டால் எல்லை போட்டுவையுங்கள்.