20 பேருக்கு 14 மேசை: ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கம் ஹைப்ரிட் ஆபீஸ் அமைப்பது எப்படி?

தலைக்கு ஒரு மேசை என்று எண்ணி இடம் பிடிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். வாரத்தில் 3 நாள் ஆபீஸ், 2 நாள் வீடு என்று ஓடும் இடத்தில் அது வாடகையை வீணாக்கும். அதற்காகச் சராசரியை மட்டும் நம்பினாலும் மாட்டிக்கொள்வீர்கள். 20 பேர், ஆளுக்கு 3 நாள் என்றால் வாரத்துக்கு 60 வருகை. தினம் 12 பேர். ஆனால் எந்த நாள் வருவது என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டால் திங்களும் வெள்ளியும் காற்று வாங்கும், புதன்கிழமை 17, 18 பேர் வந்து நிற்பார்கள்.

எனவே நாலு நாலு பேராக 5 குழு பிரியுங்கள். முதல் குழு திங்கள், செவ்வாய், புதன். இரண்டாவது செவ்வாய், புதன், வியாழன். மூன்றாவது புதன், வியாழன், வெள்ளி. நாலாவது வியாழன், வெள்ளி, திங்கள். ஐந்தாவது வெள்ளி, திங்கள், செவ்வாய். எந்த நாளும் சரியாக 12 பேர்தான். எந்த இரண்டு குழுவும் வாரத்தில் ஒரு நாளாவது சந்தித்துக்கொள்ளும். விருந்தாளிக்கும் அவசரத்துக்கும் 2 சேர்த்து 14 மேசை போதும். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வெள்ளி மதியம் 12:30 முதல் 2 மணி வரை மீட்டிங் வைக்காதீர்கள். ஜும்ஆ தொழுகை நேரம்.

மிச்சமான 6 மேசையின் இடத்தைப் பேசும் அறைகளுக்குக் கொடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தினம் 8 பேர் வீட்டில் இருப்பதால் எல்லா மீட்டிங்கும் வீடியோ கால்தான். திறந்த ஹாலில் 4 பேர் ஒரே நேரத்தில் பேசினால் மற்ற 8 பேருக்கும் வேலை ஓடாது. 4க்கு 4 அடியில் ஒருவர் உட்காரும் அறை 3, 8க்கு 10 அடியில் 4 பேர் அறை ஒன்று, 12க்கு 14 அடியில் 8 பேர் அறை ஒன்று வேண்டும். நடைபாதையோடு மேசைக்கு 40 சதுர அடி, கழிப்பறை, டீ போடும் இடம், மின்சாதன அறைக்கு 150 என்று சேர்த்தால் சுமார் 1,000 சதுர அடியில் முடியும். சின்ன அறையின் கதவுக்கு அடியில் உள்ள இடுக்கு வழியாகத்தான் சத்தம் அதிகம் கசியும். ரப்பர் பட்டை போடுங்கள். அடைத்த பிறகு உள்ளே வெக்கை தாங்காது. ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

வீடியோவில் பின்னால் கடல் தெரியட்டுமே என்று ஜன்னலுக்கு முதுகு காட்டி மேசை போடாதீர்கள். கேமராவில் முகம் இருட்டாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும்.

இனி கடல் காற்றில் வரும் உப்பு. வாடகைக் கையெழுத்துக்கு முன் சின்னச் சுத்தியலோடு போய்க் கூரையின் அடிப்பக்கத்தை ஓரடிக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள். நல்ல கான்கிரீட் ‘டண்’ என்று கெட்டியாகச் சொல்லும். ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. உப்பு இறங்கி, கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைத் தள்ளுகிறது. ஒரே கோட்டில் பழுப்புக் கறையோ, அந்த வரியில் மட்டும் புதுப் பட்டிப் பூச்சோ தெரிந்தால், கம்பியைச் சுத்தம் செய்து பழுது பார்த்துத் தராமல் அந்த இடத்தை எடுக்காதீர்கள். மேலே பெயின்ட் அடித்தால் சில மாதம்தான் மறைக்கும்.

ஏசி வெளி யூனிட்டைக் கடல் பார்த்த சுவரில் மாட்டக் கூடாது. மண்டபத்தில் தென்கடல் பக்கம் கச்சான், வடகடல் பக்கம் வாடை என்று இரண்டு பக்கமும் காற்று மாறி மாறி அடிக்கும். முழு மறைவு கிடைக்காது. அதனால் துரு எதிர்ப்புப் பூச்சுள்ள காயிலாக வாங்கி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்புக்கரிக்கும் போர்வெல் தண்ணீரால் கழுவினால் கெடுதல்தான். போல்ட், நட்டு 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். 304 இங்கே கறை பிடிக்கும். நாற்காலிக்கு நைலான் கால்.

நெட் விட்டு விட்டு வந்தால் ரவுட்டரைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பிடுங்கி முனையைப் பாருங்கள். தங்க நிறப் பின்களில் பச்சை படிந்திருந்தால் அதுதான் காரணம். பயன்படாத போர்ட்டுகளுக்கு மூடி போட்டு, நெட் சாதனங்கள் உள்ள ரேக்கை ஏசி உள்ள உள்ளறையில் வையுங்கள்.

மின்சாரக் கணக்கு இது: லேப்டாப்பும் மானிட்டரும் மேசைக்கு 90 வாட், 14க்கு 1,260, ஃபேன், விளக்கு, நெட் சாதனங்களுக்கு 400. ஆக ஏறக்குறைய 1,700 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி 4 வைத்தால் காகிதத்தில் 7.2 யூனிட். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்; இன்வெர்ட்டர் இழப்பும் போக 3 யூனிட்தான் மிஞ்சும். ஏசி இல்லாமல் ஒன்றே முக்கால் மணி நேரம். மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது என்பதால், அன்றைக்கு வேறு துணை மின்நிலைய லைனில் வீடு உள்ளவர்களை வீட்டிலேயே வேலை பார்க்கச் சொல்லுங்கள்.

இணையத்துக்கு ஒரே நேரத்தில் 10 வீடியோ கால், ஒரு காலுக்கு நொடிக்கு 4 மெகாபிட் (Mbps) என்றால் 40 மெகாபிட், அதுவும் அனுப்பும் வேகத்தில். விளம்பரத்தில் சொல்வது பெரும்பாலும் இறங்கும் வேகம். இரண்டு கம்பெனி லைன் வாங்கினாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் ஒன்றாகவே அறுந்துபோகும். ராமேசுவரம் தீவில் என்றால் இரண்டும் எந்த வழியாகக் கடலைத் தாண்டுகின்றன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்று ஃபைபர், மற்றொன்று மொபைல் டேட்டாவாக இருப்பது நல்லது. திறப்பு நாளுக்கு முன் 10 பேரையும் வீடியோ காலில் உட்காரவைத்து, ஃபைபரைக் கையாலேயே பிடுங்கிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் ரவுட்டர் இரண்டாவது லைனுக்கு மாறி எல்லோரும் காலுக்குத் திரும்பி வரவில்லையென்றால், ரவுட்டர் செட்டிங்கை மாற்றி மறுபடி பிடுங்குங்கள்.